ஐந்து வகைப் பிஸ்கற்

1. ஒரு திங்கட்கிழமை, மூன்று மாதச் செலவுகளை வகைவாரியாகத் தொகுத்து ஒரே பக்கத்தில் அச்சிட்டேன். பார்க்க அழகான பக்கம்.

2. எங்கள் பணிப்பாளர் அதில் கையொப்பமிட்டு, கல்லடிப் பாலத்தைக் கடந்து நகரத்துக்குப் போய், கொழும்புத் தலைமை அலுவலகத்துக்குத் தொலைநகலில் அனுப்பினார்.

3. புதன்கிழமை கொழும்புக் கணக்காளர் தொலைபேசியில் அழைத்தார். ஏழு பாலர் பாடசாலை ஆசிரியைகளின் கொடுப்பனவைவிடப் பிஸ்கற் செலவு எப்படிக் கூடியது என்று கேட்டார்.

4. பணிப்பாளர் தெரியாது என்றார். நானும் தெரியாது என்றேன். பிஸ்கற் வாங்கியவர் அப்போது வாவிக்கு அக்கரையில் இருந்தார்.

5. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் வராவிட்டால் பிஸ்கற் வாங்கியவரை வேலையிலிருந்து நிறுத்துவதென்று கொழும்பு முடிவெடுத்தது.

6. அவர் வியாழக்கிழமை சைக்கிளில் வந்து இறங்கி, நான் அச்சிட்ட பக்கத்தை வாசித்துவிட்டு, கதிரையில் உட்கார்ந்து, "தங்கச்சி, என்ன வேலை பாத்து வெச்சிரிக்கிங்க" என்றார்.

அவர் எங்கள் கள உத்தியோகத்தர். நாற்பது வயது தாண்டியவர். ஆறு வருடமாக அந்த வேலையில் இருந்தார். வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் எங்கள் நிறுவனம் நடத்திய ஏழு பாலர் பாடசாலைகளுக்கும் கஞ்சிக்குப் பயறு வாங்குவதும், கிணறு திருத்துவிப்பதும், ஆசிரியைகளுக்குக் கொடுப்பனவு கொண்டுபோவதும் அவர்தான். மனைவிக்குத் தையல் மெஷின் ஒன்று இருந்தது. உயர்தரம் படிக்கும் மகள் இருந்தாள். வேறு வருமானம் இல்லை.

நான் அங்கே சேர்ந்து ஐந்து மாதம். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்தவள், கணினி தெரிந்தவள் என்பதற்காக எடுத்தார்கள். அலுவலகத்தில் ஒரே ஒரு கணினி. அதில் தமிழ் எழுத்து இல்லை. அதனால் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தேன். மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாததால், பத்து வரிக்கு ஒரு தடவை சேமித்தேன். சேமிக்கச் சேமிக்கப் பழையது அழிந்து புதியது அதே பெயரில் நின்றது. இந்த வசதிதான் பிறகு என் கழுத்தைப் பிடித்தது.

கள உத்தியோகத்தர் ஒவ்வொரு மாதமும் செலவு எழுதிய ஒரு கொப்பி கொண்டுவந்து தருவார். அக்கரையில் வாங்கும் சாமானுக்குப் பற்றுச்சீட்டுக் கேட்பதில்லை என்று கொழும்பு ஒத்துக்கொண்டிருந்ததால், அந்தக் கொப்பிதான் எங்களுக்குப் பற்றுச்சீட்டு. திகதி, இடம், விபரம், தொகை என்று நான்கு நிரல்களில் ஏற்றினேன். ஐந்தாவது நிரலான 'வகை' என்னுடைய சேர்க்கை. அதை வைத்துத்தான் கணினி கூட்டித் தரும். ஆனால் கணினிக்கு, ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு பொருள். அவருடைய கொப்பியில் பயறு மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தது. பாதைக்கூலி, அதாவது வாவியைக் கடக்கும் மிதவைக்குக் கொடுக்கும் காசு, நான்கு விதம். பிஸ்கற் ஐந்து விதம்: வெறும் பிஸ்கற், மாரி, கிறீம் கிறாக்கர், லெமன் பஃப், இஞ்சி பிஸ்கற்.

ஒரே பொருள் ஐந்து பெயரில் கிடப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. விபரம், வகை இரண்டு நிரலுக்கும் தேடி மாற்றும் கட்டளையைக் கொடுத்தேன். ஐந்தும் 'பிஸ்கற்' ஆயின. சேமித்தேன். கூட்டினேன். நாற்பத்தேழாயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய் வந்தது. ஆசிரியைகளின் கொடுப்பனவு நாற்பத்திரண்டாயிரம். கிணறு, எரிபொருள், முதலுதவி என்று கொழும்பு தந்திருந்த மூன்று தலைப்புகளுக்கும் நேரே பூச்சியம். கணினி கூட்டினால் பிழைக்காது என்ற நம்பிக்கையில் அப்படியே அச்சிட்டேன். சூத்திரத்தை மட்டும் மூன்று தடவை சரிபார்த்தேன்.

வியாழக்கிழமை அவர் என்னை அலுவலகத்தின் பின்பக்கம் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். பணிப்பாளரும் கூட வந்தார்.

"மாரி எண்டா மண்ணெண்ணெய்," என்றார் கள உத்தியோகத்தர். "கிறீம் கிறாக்கர் சீமெந்து. லெமன் பஃப் மருந்துச் சாமான். இஞ்சி பிஸ்கற் பெற்றறி. வெறும் பிஸ்கற் எண்டாத்தான் பிஸ்கற்."

நான் கைவிரல்களில் ஐந்தையும் எண்ணினேன்.

"துறையடியில நம்மட பக்கத்து ஆமிச் சென்றியிலயும் கொப்பியப் பாக்கிறாங்க. அங்கால போனா இயக்கத்து ஆக்களும் பாக்கிறாங்க. தடை செஞ்ச சாமான் ஒண்டொண்டா எழுதி வெச்சிரிந்தா, ஆர்ட்ட வாங்கின, எப்பிடி வந்த எண்டு கேப்பாங்க. கடைக்காரனுக்கும் வில்லங்கம், எனக்கும் வில்லங்கம். பாலர் பள்ளிக்குப் பிஸ்கற் வாங்கினா ஆர் கேக்கிற?"

யுத்தத்தால் விறகுக்குக் காட்டுப் பக்கம் போக முடியாத காலம் அது. கஞ்சி காய்ச்ச மண்ணெண்ணெய் அடுப்புத்தான் வழி. அனுமதிப் பத்திரம் எடுத்து அந்தச் சாமான்களை அக்கரைக்குக் கொண்டுபோகலாம் என்று சட்டத்தில் இருந்தது. விண்ணப்பித்து ஐந்து மாதமாகியும் பதில் இல்லை. ஆகவே அக்கரைக் கடைகளில் கேட்ட விலைக்கு வாங்கினார். இதெல்லாம் நியாயம்தான். எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்பதுதான் என் எரிச்சல்.

"அண்ணன், எனக்கு ஏன் சொல்லல்ல?"

"சொன்னா நீங்க அத ஒரு லிஸ்ற் போட்டு வெச்சிருவீங்க."

அது உண்மை. நான் போட்டுத்தான் வைத்திருப்பேன்.

"உங்கள ஆர் சேக்கச் சொன்ன?" என்றார் அவர். இப்போது அவருக்கும் கோபம். "நீங்க படிச்ச புள்ள. லெமன் பஃப் ஒரு பக்கற்று அறுநூறு ரூபா எண்டு எழுதியிரிக்கன். அதப் பாத்தாவது யோசிக்க வேணாமா?"

"மொத்தமா வாங்கினதெண்டு நினைச்சன்."

"எனக்கு இதொண்டும் சொல்லாதீங்க," என்றார் பணிப்பாளர். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். நின்ற இடத்திலிருந்து ஒரு அடி பின்னால் போய்விட்டிருந்தார். "நான் கேக்கவும் இல்ல, எனக்குத் தெரியவும் வேணாம்."

"கேட்டுட்டீங்களே சேர்," என்றேன்.

"அது காது கேட்ட. நான் கேக்கல்ல."

வழி என்னவோ இலகுவாகத் தெரிந்தது. ஐந்தையும் மறுபடி பிரித்தால் போதும். சீமெந்தைக் கிணற்றிலும், மண்ணெண்ணெயை எரிபொருளிலும், மருந்தை முதலுதவியிலும் போட்டால் கொழும்பின் தலைப்புகள் நிறையும், பிஸ்கற் இறங்கும். அதை எழுத்தில் அனுப்ப முடியாது என்பது அடுத்த பிரச்சினை. முதலில் பிரிக்க வேண்டும். பிரிப்பதற்கு மூலம் வேண்டும். என்னிடம் மூலம் எங்கெங்கே இருந்தது என்று ஒரு பட்டியல் எழுதினேன். கணினியில் இருந்ததை நானே மாற்றி, அதே பெயரில் சேமித்துவிட்டேன். பிளொப்பித் தட்டிலும் மாற்றியதைத்தான் பிரதி எடுத்து வைத்திருந்தேன், அக்கறையாக, இரண்டு தடவை. கொப்பிகள் மூன்றும் அவரிடம் இருக்க வேண்டும்.

"கொப்பிகளத் தாங்க அண்ணன். திரும்ப ஏத்திருவன்."

அவர் கிணற்றுக் கட்டைப் பார்த்தார். "நீங்க கொம்பியூட்டரில ஏத்தி முடிச்சதும் நான் அடுப்புக்க வெச்சிருவன். ஒவ்வொரு மாசமும். வீட்டில அத வெச்சிரிக்கிறது சரியில்ல."

என் ஒழுங்கும் அவருடைய எச்சரிக்கையும் சேர்ந்து ஒரு எழுத்து மிச்சமில்லாமல் துடைத்திருந்தன. ஞாபகத்திலிருந்து சொல்லுங்கள் என்று கேட்டேன். ஜூன் மாதத்துச் சீமெந்து எத்தனை பக்கற்று என்பதில் தொடங்கி, பத்து நிமிடத்தில் அவரே தன்னுடன் சண்டை பிடிக்க ஆரம்பித்துவிட்டார்.

நாலாவது பிரதியை ஞாபகப்படுத்தியது பணிப்பாளர். "மிஸ், நீங்க முதல்ல ஒரு நீள அச்சு எடுத்தீங்களே. கொப்பியோட ஒப்பிட்டுச் சிவப்புப் பேனையால சரி போட்டு."

எடுத்திருந்தேன். இரண்டு கரையிலும் ஓட்டை உள்ள தொடர்தாளில் பத்தொன்பது பக்கம். எதையும் மாற்றுவதற்கு முன் எடுத்தது. மேசை இலாச்சியைத் திறக்கப் போனபோதே அது அங்கே இல்லை என்று விளங்கிவிட்டது. ஒரு பக்கம் அச்சான தாளை எறியக் கூடாது என்பது பணிப்பாளரின் கட்டளை. கடதாசிக்கு அவ்வளவு தட்டுப்பாடு. மறுபக்கம் வெறுமையான தாளெல்லாம் பாலர் பாடசாலைகளுக்குப் படம் கீறப் போகும்.

"துறைக்கு அங்கால இரிக்கிற பள்ளிக்குத்தான் குடுத்தன்," என்றார் கள உத்தியோகத்தர். "முழுக்கட்டும் அங்கதான். புள்ளையள் கீறி முடிச்சிருக்கும்."

மறுநாள் காலை அவருடன் போனேன். துறையில் பாதைக்கு ஒன்றரை மணித்தியாலம் நின்றோம். இரும்புப் பீப்பாய்களின் மேல் பலகை அடித்த அந்த மிதவையில் முதலில் வாகனம், பிறகு சைக்கிள், பிறகு ஆட்கள். இராணுவச் சாவடியில் என் கைப்பையைக் கொட்டி, சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, சோற்றுக்குள் ஈர்க்கில் விட்டுப் பார்த்தார்கள். ஏன் போகிறீர்கள் என்று கேட்டதற்கு, பாலர் பாடசாலையைப் பார்க்க என்றேன். பொய் இல்லை.

பாடசாலை ஓலைக் கொட்டில்தான். ஆசிரியை, வயதில் என்னைவிட மூத்தவர், ஒரு நீளக் கயிறு கட்டி அதில் படங்களைக் குண்டூசியால் தொங்கவிட்டிருந்தார். கோழி, தென்னைமரம், பாதை, ஹெலிகொப்டர், மறுபடியும் கோழி. தாளின் இரண்டு ஓரமும் ஓட்டைகளோடு அப்படியே இருந்தன. ஒன்றைத் திருப்பினேன். என் சிவப்புச் சரிகள் வரிசையாக நின்றன. அந்த வருடம் எனக்கு வந்த ஒரே நிம்மதி அது.

"டீச்சர், இதெல்லாம் எனக்கு வேணும்."

"என்னத்துக்கு?"

"பின்பக்கத்தில கணக்கு இரிக்கி."

"முன்பக்கத்தில புள்ளையள்ற படம் இரிக்கி," என்றார் அவர். "போன முறையும் கொண்டுபோய்க் காட்டிற்றுத் தாறமெண்டு எடுத்துப் போனீங்க. இன்னும் வரல்ல. புள்ளையள் வந்து கயிற்றைப் பாத்து என்னக் கேக்குங்க, உங்களையா கேக்கும்?"

அங்கேயே இருந்து எழுதிக்கொள்ளலாம் என்றால், பக்கத்துக்கு ஐம்பது வரி. கடைசிப் பாதை நாலரைக்கு. திங்கட்கிழமை நானே கொண்டுவந்து கட்டுகிறேன் என்றேன். அவர் நம்பவில்லை.

"வெறும் வாய்க்குத் தர மாட்டன். ஆளுக்கு ரெண்டு புதுத்தாள், ரெண்டு பக்கமும் வெள்ளையா."

"ரெண்டு பக்கமும் வெள்ளையா எனக்கே இல்ல டீச்சர்."

"அப்ப எடுங்க உங்கட கையால ஒரு கடிதம்."

எழுதிக் கொடுத்தேன்: பெற்றுக்கொண்டது இத்தனை படம், திருப்பித் தருவது இந்த நாள். அவர் அதைக் குண்டூசியால் கயிற்றில் குத்தினார்.

எண்ணிப் பார்த்தால் பதினேழு. இரண்டு குறைந்தது. கரை ஓரத்து வீட்டு அக்காவும் தம்பியும் தங்கள் படத்தை வீட்டுக்குக் கொண்டுபோனார்களாம்.

"அவங்கட வீட்ட போவம்," என்றேன்.

"வீட்டில ஆரு இரிக்கா? போன கிழமை ஷெல் விழுந்ததுக்குப் புறகு பெட்டி படுக்கையோட போயிற்றாங்க. எங்க எண்டு சொல்லல்ல," என்றார் ஆசிரியை.

திரும்பி வரும்போது சாவடியில் வேறொரு சிப்பாய். மிகவும் இளவயது. படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஹெலியில் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு தாளைத் திருப்பி, ஆங்கில எழுத்தில் இருந்ததை விரல் வைத்து வாசித்தான்.

"மாரி... மாரி... கிறீம் கிறாக்கர்... மாரி. இது என்ன?"

"பிள்ளைகள்ற பிஸ்கற் கணக்கு சேர்," என்றார் கள உத்தியோகத்தர்.

"இவ்வளவு யார் சாப்பிடுறது?"

"அரைவாசி நான்தான் சேர்," என்று அவர் தன் ஒட்டிய வயிற்றைத் தடவிக் காட்டினார்.

சிப்பாய் அடுத்த தாளை எடுத்தான். அதில் ஒரு பிள்ளை, சைக்கிளைவிட நீளமான கால்களோடு ஒருவரைச் சைக்கிளில் ஏற்றிக் கீறியிருந்தது. தலையில் மூன்றே முடி. அவன் படத்தைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். "இது நீ" என்று சிரித்து, கட்டைத் திருப்பித் தந்தான்.

பாதையில் ஏறிய பிறகுதான் அவர் பேசினார். "எனக்கு இப்பிடியா முடி கொட்டியிரிக்கி?"

"உங்களுக்கு வேலை போகப் பாக்குது. முடியப் பத்திக் கேக்கிறீங்க."

"வேலை போனா என்னத்த செய்ய ஏலும்? தலையையாவது பாக்கலாமெண்டுதான்."

சனியும் ஞாயிறும் மறுபடி ஏற்றினேன். இரண்டு தடவை மின்சாரம் போனது. இந்த முறை ஒவ்வொரு சேமிப்புக்கும் வேறு பெயர் வைத்தேன். ஒரு தாளில் தென்னைமரத்தின் பச்சை மெழுகு மறுபக்கம் ஊறி மூன்று தொகைகளை மறைத்திருந்தது. அவற்றைச் சூரிய வெளிச்சத்தில் பிடித்து வாசித்தேன். ஞாயிறு மாலை ஐந்து வகையும் ஐந்து வரியில் வந்தன:

மாரி, பதினாலாயிரத்து இருநூறு.
கிறீம் கிறாக்கர், பத்தொன்பதாயிரத்து அறுநூறு.
லெமன் பஃப், ஐயாயிரத்து நானூறு.
இஞ்சி பிஸ்கற், இரண்டாயிரத்துத் தொளாயிரம்.
வெறும் பிஸ்கற், மூவாயிரத்து அறுநூறு.

மிச்சம் ஆயிரத்து அறுநூற்றைம்பது. அது காணாமற்போன இரண்டு தாளிலும் இருந்தது. எந்த வகை என்று தெரியாது.

இனி அடுத்த தொல்லை. இந்தப் பட்டியலைக் கொழும்புக்கு அனுப்பலாம். ஆனால் கிறீம் கிறாக்கர் என்றால் சீமெந்து என்பதைத் தொலைநகலில் எழுத முடியாது, தொலைபேசியிலும் சொல்ல முடியாது. யாராவது நேரில் போய் வாயால் சொல்ல வேண்டும். கள உத்தியோகத்தர் கொழும்பில் தங்கப் பொலிஸ் பதிவு எடுக்கவே ஒரு கிழமை போகும். எனக்கு வீட்டில் அனுமதி இல்லை. மிஞ்சியவர், ஏற்கெனவே பதிவு வைத்திருந்த பணிப்பாளர்; எதுவும் தெரியவேண்டாம் என்று ஒரு அடி பின்னால் போனவர்.

செவ்வாய்க்கிழமை முழுவதும் பணிப்பாளரைப் பாடமாக்க வைத்தேன். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவருக்கு ஐந்து சொற்கள் நிற்கவில்லை.

"மாரி?"

"பெற்றறி."

"இல்ல சேர். மண்ணெண்ணெய்."

"மண்ணெண்ணெய். இஞ்சி, மருந்து."

"இஞ்சி, பெற்றறி."

"இஞ்சி மருந்துதானே மிஸ்? வயித்துக் கோளாறுக்கு எங்கட வீட்டில அதுதான் குடுக்கிற. நீங்க அத மருந்துக்கு வெச்சிரிந்தா எனக்கு லேசா இரிந்திருக்கும்."

"வெச்சது நான் இல்ல சேர்."

கதவோரம் நின்ற கள உத்தியோகத்தர், "சேர் பெயிலானா என்ட வேலை போயிரும்" என்றார். அதைச் சாதாரணக் குரலில்தான் சொன்னார். பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "முதல்ல இருந்து கேளுங்க" என்றார். அதற்குப் பிறகு ஒரு தடவையும் பிழை விடவில்லை.

புதன் ரயிலில் போனவர் சனிக்கிழமை வந்தார். கொழும்புக் கணக்காளர் கதவைப் பூட்டிக் கேட்டாராம். சீமெந்து, மண்ணெண்ணெய், மருந்து மூன்றையும் உரிய தலைப்புகளில் போட்டுக்கொண்டார். பெற்றறிக்குத் தலைப்பு இல்லை. பாதை திறந்திருக்கிறதா பூட்டியிருக்கிறதா என்று காலைச் செய்தியில் கேட்டுத்தான் ஆசிரியைகள் பிள்ளைகளை வரச் சொல்கிறார்கள், அந்த வானொலிகளுக்குத்தான் பெற்றறி என்று பணிப்பாளர் விளக்கியிருக்கிறார். வானொலிக்கும் தலைப்பு இல்லை என்று பதில் வந்திருக்கிறது.

அந்த மாதக் கடைசியில் நிலைமை இதுதான். கள உத்தியோகத்தர் வேலையில் இருந்தார். இஞ்சி பிஸ்கற் இரண்டாயிரத்துத் தொளாயிரமும் அவருடைய சம்பளத்தில் நான்கு தவணையாகக் கழிபடத் தொடங்கியிருந்தது. பிழை என்னுடையது என்பதால் இரண்டு தவணையை நான் தருகிறேன் என்றேன். அவர் ஒரு தவணைக்கு ஒத்துக்கொண்டார். புதிய கொப்பியில் ஐந்து வகைப் பிஸ்கற்றும் முன்போலவே வந்தன. நான் எதையும் சேர்க்கவில்லை. பதினேழு படங்களையும் திங்களுக்குப் பதிலாகப் புதன்கிழமை கொண்டுபோய்க் கட்டினேன். ஆசிரியை கடிதத்தைக் கிழித்துப் போட்டார். கரை ஓரத்து வீட்டுக்காரர் எங்கே என்று எவருக்கும் தெரியவில்லை. ஆயிரத்து அறுநூற்றைம்பது ரூபாய், 'பிஸ்கற், வகை தெரியாது' என்ற வரியில் இருந்தது.